சுகவீன விடுப்பும் வருடாந்த விடுமுறையும்: தமிழ்க் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

(இலண்டன் செவன் கிங்ஸ் பகுதியில் பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட ஒன்றுகூடலில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இல்போர்டுக்கும் குட்மேய்ஸுக்கும் இடையில் அமைந்துள்ள செவன் கிங்ஸ், கிழக்கு இலண்டனில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்ற பகுதிகளுள் ஒன்றாகும். விடிவதற்கு முன்னரே வேலைக்குப் புறப்படுபவர்கள் இப்பகுதியின் பல வீடுகளில் உள்ளனர். பெற்றோல் நிலையங்கள், பலசரக்குக் கடைகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள், களஞ்சியசாலைகள், வைத்தியசாலைகள் என அவர்களது வேலைத்தலங்கள் பலவாகும். இத்தகைய இல்லங்களில் கடன் பற்றியும் பிள்ளைகளின் கல்வி பற்றியும் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் பற்றியும் நாள்தோறும் பேசப்படுகின்றது. ஆயினும் தந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வேலைத்தலத்திற்கு என்ன அறிவிக்க வேண்டும், எத்தனை நாட்களுக்குப் பின் வைத்தியரின் சான்று தேவை, அந்நாட்களுக்குப் பணம் கிடைக்குமா என்பவை பற்றிப் பேசப்படுவது மிக அரிது. இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்வதே பலருக்கும் பழகிப்போன வழியாக உள்ளது.

இதற்கு மூன்று காரணங்களைக் குறிப்பிடலாம். முதலாவது, வேலை பறிபோய்விடும் என்னும் அச்சம். இரண்டாவது, வேலை தந்தவர் ஊரவராகவோ உறவினராகவோ இருப்பதனால் ஏற்படும் கூச்சம். மூன்றாவது, விடுப்பு என்பது முதலாளி மனமிரங்கித் தருகின்ற சலுகை என்னும் எண்ணம். இம்மூன்றனுள் இறுதியாகக் கூறப்பட்டதே பெருந்தீங்கு விளைவிப்பதாகும். சலுகை என்று கருதுபவர் அதனைக் கேட்பதற்குத் தயங்குகின்றார். உரிமை என்று அறிந்தவர் அதற்குரிய ஒழுங்கைப் பின்பற்றுகின்றார். உரிமையை ஒழுங்கான முறையிற் கோருவதற்குத் தேவையான அடிப்படைச் செய்திகளைத் தொகுத்துக் கூறுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

தாயகத்திலும் இவ்வுரிமை இல்லாதிருந்ததன்று. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஆண்டொன்றுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையையும், சுகவீனம் முதலிய காரணங்களுக்காக 7 நாள் விடுமுறையையும் வழங்குகின்றது. ஆயினும் சட்டத்தில் உள்ளது வேறு, கடை வாசலில் நடப்பது வேறு என்பதைப் பெற்றோர் நன்கறிவர். அந்த அனுபவமே பலரோடும் கடல் கடந்து இந்நாட்டிற்கும் வந்து சேர்ந்தது எனலாம்.

இனி, பிரித்தானியாவின் நடைமுறையை நோக்குவோம். நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாத ஒருவர் முதலில் செய்ய வேண்டியது அறிவித்தலாகும். எத்தனை மணிக்கு முன், யாருக்கு, எவ்வழியில் அறிவிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் வேலை ஒப்பந்தத்தில் கூறப்பட்டிருக்கும். காலக்கெடு எதுவும் குறிக்கப்படாவிடின் ஏழு நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டத்தின் பொதுவிதியாகும். தாமதமாக அறிவித்தால், தக்க காரணம் இல்லாதவிடத்து, தாமதமான நாட்களுக்குரிய கொடுப்பனவை வேலை வழங்குநர் மறுக்கலாம். எனவே தொலைபேசியிற் கூறியதோடு நின்றுவிடாது, குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ ஒரு வரி அனுப்பி வைத்தல் நன்று. "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா" என்னும் பழமொழி இவ்விடத்திற்கு மிகவும் பொருந்தும்.

அடுத்தது வைத்தியரின் சான்று பற்றியதாகும். முதல் ஏழு நாட்களுக்கு வைத்தியரின் சான்று தேவையில்லை. நோயுற்றவர் தாமே தமது நோயை எழுதி உறுதிப்படுத்தலாம். இந்த ஏழு நாட்களில் சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை நாட்கள், வேலை இல்லாத நாட்கள் ஆகிய அனைத்தும் அடங்கும். ஒரு நாள் தடிமனுக்கும் வைத்தியரின் கடிதம் கொண்டுவருமாறு கூறும் வேலைத்தலங்கள் உண்டு. ஆனால் ஏழு நாட்களுக்கு உட்பட்ட நோய்க்கு வைத்தியசேவை இலவசமாகச் சான்று வழங்க வேண்டிய கடப்பாடு இல்லை. வைத்தியர் விரும்பினால் கட்டணம் பெற்றுக்கொண்டு தனியான கடிதம் ஒன்றை வழங்கலாம். ஏழு நாட்களுக்கு மேற்பட்ட நோய்க்கு வழங்கப்படும் சான்றுக்குக் கட்டணம் இல்லை.

அச்சான்றே இன்று 'ஃபிட் நோட்' என அழைக்கப்படுகின்றது. 2010 ஏப்ரல் 6 ஆம் திகதிக்கு முன் வழக்கில் இருந்த 'சிக் நோட்'டின் இடத்தை அது பெற்றது. பெயர் மட்டுமன்றிப் பொருளும் மாறியது. "வேலைக்குத் தகுதியற்றவர்" என்பதோடு, "சில மாற்றங்கள் செய்யப்படின் வேலைக்குத் தகுதியுடையவராகலாம்" என்னும் இரண்டாவது தெரிவும் அதில் உண்டு. படிப்படியாக வேலைக்குத் திரும்புதல், வேலை நேரத்தை மாற்றுதல், கடமைகளை மாற்றுதல், வேலையிடத்தில் வசதி செய்தல் என்னும் நான்கு வழிகளை வைத்தியர் அதிற் குறிப்பிடலாம். முதுகுவலியால் வருந்தும் களஞ்சியத் தொழிலாளி ஒருவருக்குப் பாரம் தூக்காத வேலையைத் தருமாறு அதில் எழுதப்படலாம். அம்மாற்றத்தைச் செய்து கொடுக்க வேலை வழங்குநரால் இயலாவிடின், அவர் வேலைக்குத் தகுதியற்றவராகவே கொள்ளப்படுவார். அச்சான்றே போதுமானது, வேறொன்று தேவையில்லை. 2022 ஜூலை 1 முதல் வைத்தியர் மட்டுமன்றித் தாதியர், மருந்தாளர், இயன்மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோரும் இச்சான்றை வழங்கலாம். ஆயினும் நோயாளியை முறைப்படி ஆராய்ந்த பின்னரே அது வழங்கப்படும். மருந்துக்கடைக்குச் சென்று கேட்டவுடன் பெறக்கூடியதன்று.

நோயுற்ற நாட்களுக்குப் பணம் கிடைக்குமா என்பதே பெற்றோரின் முதன்மையான கேள்வியாகும். 1983 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 'எஸ்.எஸ்.பி.' எனப்படும் சட்டபூர்வ சுகவீனக் கொடுப்பனவு, ஒரு நோய்க்காலத்திற்கு 28 வாரங்கள் வரை வேலை வழங்குநரால் வழங்கப்பட வேண்டியதாகும். 2025-26 நிதியாண்டில் அது வாரத்திற்கு 118.75 பவுண்களாக இருந்தது. ஏப்ரல் மாதந்தோறும் அத்தொகை மீளாய்வு செய்யப்படும். வேலை ஒப்பந்தம் இதனிலும் கூடுதலாகத் தரலாம். குறைவாகத் தர முடியாது.

நீண்ட காலமாக இக்கொடுப்பனவுக்கு இரு தடைகள் இருந்தன. நோயுற்ற முதல் மூன்று வேலை நாட்களுக்குப் பணம் இல்லை என்பது ஒன்று. குறிப்பிட்ட ஒரு தொகைக்குக் குறைவாக உழைப்பவருக்கு எதுவுமே இல்லை என்பது மற்றொன்று. 2025-26 இல் அத்தொகை வாரத்திற்கு 125 பவுண்களாக இருந்தது. பகுதிநேர வேலை செய்த தாய்மாரும் மாணவர்களும் இத்தடையினாலேயே வெறுங்கையோடு வீட்டில் இருக்க நேர்ந்தது. 2025 டிசெம்பரில் அரச ஒப்புதல் பெற்ற தொழில் உரிமைகள் சட்டத்தின் மூலம் இவ்விரு தடைகளும் 2026 ஏப்ரல் 6 ஆம் திகதியிலிருந்து அகற்றப்பட்டன. அத்திகதியிலிருந்து முதல் நாளுக்கே கொடுப்பனவு உண்டு. குறைந்த ஊதியம் பெறுவோருக்கு அவர்களது சராசரி வார ஊதியத்தின் 80 வீதம் அல்லது வழமையான முழுத்தொகை, இவற்றுள் எது குறைவோ அது வழங்கப்படும். இரண்டு இடங்களில் வேலை செய்பவர் இரண்டு இடங்களிலும் இவ்வுரிமையைப் பெறக்கூடும்.

இவ்விடத்தில் தமிழ்ச் சமூகத்தினுள் வெளிப்படையாகப் பேசப்படாத ஒரு விடயத்தைப் பேச வேண்டியுள்ளது. அது பாதி ஊதியத்தைக் கணக்கிலும் பாதியைக் கையிலும் பெறுகின்ற வழக்கமாகும். உதாரணமாக, வாரத்திற்கு 400 பவுண்கள் உழைக்கும் ஒருவரது சம்பளச் சீட்டில் 100 பவுண்கள் மட்டுமே காட்டப்படுகின்றது எனக் கொள்வோம். வேலை செய்யும் காலத்தில் இது இருவருக்கும் இலாபம் போலத் தோன்றலாம். அவர் நோயுற்றுப் படுக்கையில் விழும்போதே இதன் விலை புலப்படும். பழைய விதியின்படி அவருக்கு எதுவுமில்லை. புதிய விதியின்படியும் எழுத்தில் உள்ள 100 பவுண்களின் 80 வீதமே அவர் கைக்கு வரும். விடுமுறைச் சம்பளமும் அவ்வாறே சுருங்கும். ஓய்வூதியப் பங்களிப்பும், வீட்டுக்கடன் பெறுவதற்கான தகுதியும் அந்தச் சிறிய தொகையையே பின்தொடரும். வரியை மறைத்தல் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, கணக்கில் இல்லாத பணத்திற்குப் பாதுகாப்பும் இல்லை என்பதை ஒவ்வொரு குடும்பமும் உணர வேண்டும்.

கடை நடத்துகின்ற தமிழரின் பக்கத்தையும் கூறாதுவிடின் அது நீதியாகாது. சுகவீனக் கொடுப்பனவின் ஒரு பகுதியைச் சில வேலை வழங்குநர்கள் அரசிடமிருந்து மீளப்பெற உதவிய திட்டம் 2014 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. இன்று இரண்டு மூன்று பேரை வைத்து நடத்தப்படும் சிறு கடையும் அச்செலவைத் தானே சுமக்கின்றது. ஒருவர் வராதுவிடின் முதலாளியே பதினாறு மணிநேரம் கல்லாவில் நிற்கின்ற கடைகளும் உண்டு. ஆனால் அச்சுமைக்குத் தீர்வு தொழிலாளியின் உரிமையை மறுப்பதன்று. வாடகையையும் மின்கட்டணத்தையும் போல, விடுமுறைச் சம்பளத்தையும் சுகவீனக் கொடுப்பனவையும் வியாபாரச் செலவாக முன்கூட்டியே கணக்கிற் சேர்த்தலே தீர்வாகும். காய்ச்சலோடு உணவு பரிமாறும் ஊழியர் ஒருவரால் ஏற்படும் நட்டம் ஒரு வாரக் கொடுப்பனவைவிடப் பெரிதாகலாம் என்பதைக் கொரோனாப் பெருந்தொற்றுக் காலம் உணர்த்திச் சென்றது.

அடுத்தது வருடாந்த விடுமுறை. வேலை நேர ஒழுங்குவிதிகள் 1998 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி இன்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டொன்றுக்கு 5.6 வாரச் சம்பளத்துடனான விடுமுறை உண்டு. வாரத்தில் ஐந்து நாட்கள் வேலை செய்பவருக்கு அது 28 நாட்களாகும். மூன்று நாட்கள் வேலை செய்பவருக்கு 16.8 நாட்களாகும். பொதுவிடுமுறை நாட்களை இந்த 28 நாட்களுக்குள் அடக்குவதற்கு வேலை வழங்குநருக்கு உரிமை உண்டு. வேலை நேரம் ஒழுங்கற்றதாக உள்ளவர்களுக்கு, 2024 ஏப்ரல் 1 அன்றோ அதன் பின்னரோ தொடங்கிய விடுமுறை ஆண்டுகளில், வேலை செய்த மணித்தியாலங்களின் 12.07 வீதம் விடுமுறையாகச் சேர்கின்றது. அதாவது 100 மணித்தியாலங்கள் வேலை செய்த மாணவருக்கு ஏறத்தாழ 12 மணித்தியாலச் சம்பள விடுமுறை உண்டு. நிச்சயமற்ற மணிநேர ஒப்பந்தத்தில் வேலை செய்கின்ற இளையோருள் எத்தனை பேர் இதனைக் கேட்டுப் பெறுகின்றனர் என்பது சிந்திக்க வேண்டியதாகும்.

இவ்வுரிமை தானாக வந்து சேர்ந்ததன்று. ஆரம்பத்தில் பதின்மூன்று வாரங்கள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு மட்டுமே விடுமுறை உண்டு எனப் பிரித்தானிய விதி கூறியது. குறுகிய கால ஒப்பந்தங்களில் மாறி மாறி வேலை செய்த ஒலிபரப்பு, திரைப்படத் துறைத் தொழிலாளர்கள் இதனால் விடுமுறையே அற்றவர்களாயினர். அவர்களது 'பெக்டு' என்னும் தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. 2001 ஜூன் 26 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவ்விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. நோயினால் விடுமுறை எடுக்க இயலாதவர் அதனை இழந்துவிடமாட்டார் என்பது 2009 ஜனவரி 20 அன்று அதே நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பினால் உறுதியாயிற்று. ஊபர் சாரதிகள் விடுமுறைச் சம்பளத்திற்கு உரிமையுள்ள தொழிலாளர்களே என்பதைப் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரி 19 அன்று ஏற்றுக்கொண்டது. இத்தொழிலாளர்கள் கேட்டிராவிடின் இன்று பெற்றோல் நிலையத்தில் நிற்கின்ற தமிழ் மாணவருக்கும் இவ்வுரிமை தெளிவாக இருந்திராது.

தாயகப் பயணம் பற்றியும் கூற வேண்டும். நல்லூர்க் கந்தன் மகோற்சவம் 25 நாட்கள் நடைபெறுவது. அதனைக் கருத்திற்கொண்டு நான்கு வார விடுமுறையை ஒருமிக்கக் கேட்கும் குடும்பங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிராவிடின், எடுக்கவுள்ள விடுமுறையின் இருமடங்கு காலத்திற்கு முன்னர் அறிவிக்க வேண்டும். நான்கு வாரங்களுக்கு எட்டு வார முன்னறிவித்தல் தேவை. வேலை வழங்குநர் அக்காலத்தை மறுக்கலாம். ஆனால் விடுமுறை தொடங்குவதற்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் மறுப்பைத் தெரிவிக்க வேண்டும். விடுமுறை என்பது உரிமை. அதனை எப்பொழுது எடுப்பது என்பது இருவரும் இணங்கித் தீர்மானிக்க வேண்டியது. ஆகவே எழுத்துமூல அனுமதி கிடைப்பதற்கு முன் விமானச்சீட்டை வாங்குதல் தகாது. ஊரில் நிற்கும்போது நோயுற்றால், அங்கிருந்தே வேலைத்தல விதிப்படி அறிவித்து, வைத்தியரின் சான்றை ஆங்கிலத்தில் பெற்று வருதல் வேண்டும். அவ்வாறு செய்பவர் நோயுற்ற நாட்களைச் சுகவீன விடுப்பாக மாற்றி, விடுமுறை நாட்களைப் பின்னர் எடுக்கக் கோரலாம். சுற்றுலாவை நீட்டுவதற்காகப் பொய்ச் சான்று பெறுதலோ வேலையை இழக்கச் செய்யும் குற்றமாகும். அது அடுத்துவரும் தமிழ் ஊழியரின் உண்மையான நோயையும் ஐயத்திற்கு உள்ளாக்கும்.

தாய் தந்தையர் ஊரில் காலமாகும் துயர வேளையில் பலர் தடுமாறுகின்றனர். தம்மைச் சார்ந்த ஒருவரின் இறப்பு முதலிய அவசர வேளைகளில் நியாயமான அளவு நேரம் விடுப்பெடுக்க 1996 ஆம் ஆண்டின் தொழில் உரிமைகள் சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் அதற்குச் சம்பளம் வழங்க வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. அந்தியேட்டி வரையான 31 நாட்களையும் அது உள்ளடக்காது. எஞ்சிய நாட்களுக்கு வருடாந்த விடுமுறையையோ சம்பளமற்ற விடுப்பையோ பேசிப் பெறவேண்டும். 2024 ஏப்ரல் 6 முதல், நீண்டகாலப் பராமரிப்புத் தேவையுள்ள உறவினரைக் கவனிப்பதற்கு ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளமற்ற விடுப்பும் உண்டு.

விசாவில் உள்ளவர்களிடையே மற்றுமோர் அச்சம் நிலவுகின்றது. சுகவீனக் கொடுப்பனவைப் பெற்றால் விசா பாதிக்கப்படும் என்பதே அது. இக்கொடுப்பனவு விசா நிபந்தனைகள் தடைசெய்யும் "பொதுநிதி" அன்று. வேலை வழங்குநர் செலுத்துகின்ற ஊதிய உரிமையாகும். இதனை அறியாது நோயோடு வேலை செய்பவர்களுக்கு இச்செய்தியைக் கொண்டு சேர்த்தல் ஒவ்வொருவரின் கடமையாகும்.

நோயுற்றிருக்கும் காலத்தில் ஒருவரை வேலையிலிருந்து நீக்கவே முடியாது எனக் கருதுவதும் தவறாகும். நீண்டகால நோயின்போது, நியாயமான விசாரணைக்குப் பின் வேலை வழங்குநர் அவ்வாறு செய்ய இடமுண்டு. ஆனால் நாளாந்த வாழ்வைக் கணிசமாகப் பாதித்து, பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் நீடிக்கின்ற நோய் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி இயலாமையாகக் கொள்ளப்படலாம். அப்பொழுது வேலையில் நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுப்பது வேலை வழங்குநரின் கடப்பாடாகும். எனவே நீரிழிவையும் மனச்சோர்வையும் மறைத்து வைத்திருப்பவர் தமக்குரிய பாதுகாப்பையும் சேர்த்தே மறைத்து வைக்கின்றார். விடுமுறைச் சம்பளம் போன்ற சட்ட உரிமையைக் கோரியமைக்காக ஓர் ஊழியரைப் பணிநீக்கம் செய்தல், அவர் எத்தனை காலம் வேலை செய்தார் என்பது பாராது, தானாகவே நியாயமற்ற பணிநீக்கமாகும்.

உரிமை மறுக்கப்படின் முதலில் எழுத்திற் கேட்க வேண்டும். சுகவீனக் கொடுப்பனவை மறுக்கும் வேலை வழங்குநர் காரணம் குறித்து 'எஸ்.எஸ்.பி.1' என்னும் படிவத்தைத் தர வேண்டும். அதில் உடன்பாடில்லாதவர் வரித் திணைக்களத்தில் முறையிடலாம். விடுமுறைச் சம்பளம் போன்றவற்றுக்கு 'ஏகாஸ்' என்னும் இணக்க நிறுவனத்தின் ஊடாகத் தொழில் நீதிமன்றத்தை நாடலாம். 2013 இல் அறிமுகப்படுத்தப்பட்ட நீதிமன்றக் கட்டணம் சட்டத்திற்கு முரணானது என 2017 ஜூலை 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கால எல்லையே இதில் முக்கியமானது. நெடுங்காலம் நிலவிவந்த மூன்று மாதத்திற்கு ஒரு நாள் குறைவான எல்லையை ஆறு மாதமாக நீட்டுவதற்கு 2025 ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்துள்ளது. ஆயினும் மூன்று மாதங்களுக்குள் ஏகாஸை அணுகுவதே பாதுகாப்பானதாகும். தொழிற்சங்கத்தில் இணைந்திருப்பவருக்கு இவ்வேளைகளில் துணை நிற்க ஆள் உண்டு. இணையாதவர் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிறுவனத்தின் இலவச ஆலோசனையை நாடலாம்.

இறுதியாக இளையோருக்கு ஒரு வேண்டுகோள். வைத்தியசாலையிலும் பாடசாலையிலும் பெற்றோருக்காக மொழிபெயர்த்தே பலர் வளர்ந்துள்ளனர். அதே உதவி பெற்றோரின் வேலை ஒப்பந்தத்திற்கும் தேவைப்படுகின்றது. 2020 ஏப்ரல் 6 முதல் வேலையில் சேர்கின்ற ஒவ்வொருவருக்கும் விடுமுறை, சுகவீனம் பற்றிய விதிகளை உள்ளடக்கிய எழுத்துமூல விபரத்தை முதல் நாளிலேயே வழங்க வேண்டும் என்பது சட்டமாகும். அந்தத் தாள் வீட்டில் உள்ளதா என்று தேடுங்கள். இல்லாவிடின் பெற்றோர் அதனைக் கேட்டுப்பெற உதவுங்கள். இருப்பின், நோயுற்றால் எந்த இலக்கத்திற்கு, எத்தனை மணிக்கு முன் அழைக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி வீட்டிலுள்ள அனைவரும் காணுமிடத்தில் ஒட்டி வையுங்கள். சம்பளச் சீட்டுகளை ஒரு கோவையில் இட்டுப் பாதுகாத்து வையுங்கள். இவற்றுக்குத் தேவைப்படுவது ஒரு மாலைப் பொழுது மட்டுமே.

பெற்றோரே, பிள்ளைகள் இவற்றைக் கேட்கும்போது "அதெல்லாம் உனக்கெதற்கு" என்று கூறாது, அத்தாள்களை எடுத்து அவர்களிடம் கொடுங்கள். குடும்பத்திற்காக உழைக்கும் உடல் நோயுறும் நாளில் அதற்கு ஓய்வு கிடைக்க வேண்டும். அந்த ஓய்வுநாளில் வீட்டில் அடுப்பும் எரிய வேண்டும். இவ்விரண்டுக்கும் இந்நாட்டின் சட்டத்தில் இடம் உண்டு.